குழந்தையின் நிலையான முன்பல் விழுந்துவிட்டதா? பெரியவராகும்வரை என்ன வைப்பது, எங்கே போவது, எவ்வளவு ஆகும்

எங்கள் மகனுக்கு அப்போது ஒன்பதரை வயது. காட்பாடியிலிருந்து வேலூருக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். அவன் முன்னால் நின்றிருந்தான். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் ஒரு நாய் குறுக்கே ஓடியது. அவன் அப்பா பிரேக் பிடித்தார். ஹேண்டில்பாரில் வாய் மோதி, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்தது. பால் பல் இல்லை, முளைத்து இரண்டு வருடம் ஆன நிலைப்பல்.

இப்போது அவனுக்கு பதினாலு. இடையில் மூன்று மருத்துவர்கள், இரண்டு கழற்றி மாட்டும் பல், ஒரு வேர் சிகிச்சை எல்லாம் முடிந்து, இப்போது ஒட்டிய பல்லோடு இருக்கிறான். ஆரம்பத்தில் யாராவது உட்கார வைத்து வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதிப் பணமும் பாதி அலைச்சலும் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் வைக்கும் எந்தப் பல்லும் கடைசிப் பல் இல்லை. இருபது வயதுவரை நீங்கள் காப்பாற்ற வேண்டியது மூன்று: பல் இருந்த இடைவெளி, அதன் கீழே உள்ள எலும்பு, இரண்டு பக்கத்துப் பற்கள். யார் எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் இந்த மூன்றில் எதற்காவது சேதம் வருமா என்று கேளுங்கள்.

1. பல் கையில் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்

இந்த நிமிடம் பல் விழுந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால் மற்றதை அப்புறம் படிக்கலாம். விழுந்தது நிலைப்பல்லாக இருந்தால், வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ ஒரு தடவை அலசி, முடிந்தால் அந்தக் குழியிலேயே திருப்பி வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியவில்லையா, ஆறின பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். பக்கத்து டீக்கடையில் கேட்டால் பால் கிடைக்கும், ஆனால் காய்ச்சிய சூட்டோடு வாங்காதீர்கள். வெறும் தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது. காய்ந்தபடி ஒரு மணி நேரம் போய்விட்டால் வேரைச் சுற்றியுள்ள உயிருள்ள திசு செத்துவிடும். பால் பல் விழுந்திருந்தால் திருப்பி வைக்கவே கூடாது, கீழே வளரும் நிலைப்பல் கெடும்.

நாங்கள் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனோம். ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு, “நேரம் ஆயிடுச்சு, தூக்கிப் போட்டுடுங்க” என்றார்கள். நாங்களும் போட்டுவிட்டோம். தாமதமானாலும் வளரும் குழந்தைக்குப் பல்லைத் திருப்பி வைத்துப் பார்ப்பது உண்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்தப் பல் காலத்துக்கும் நிற்காது. ஆனால் சில வருடமாவது இடத்தையும் எலும்பையும் காத்துக் கொடுக்கும். அதனால் யார் சொன்னாலும் பல்லைத் தூக்கிப் போடாதீர்கள். வேறொரு பல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

காயத்தில் மண் பட்டிருந்தால் டி.டி. ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

2. முதல் வாரத்திலேயே ஒரு ஃபைல் போடுங்கள்

கடைசிப் பல்லை வைக்கப்போகும் மருத்துவரை நீங்கள் இன்னும் பார்த்ததே இல்லை. பத்து வருடம் கழித்து, ஒருவேளை வேறு ஊரில், அவர் கேட்கப்போகிற எல்லாம் இந்த ஃபைலில்தான் இருக்க வேண்டும்.

அதில் இருக்க வேண்டியவை: முதல் நாள் ஓ.பி. சீட்டு, எல்லா எக்ஸ்ரேயும் தேதியோடு (பல் கிளினிக்கில் கம்ப்யூட்டரில் காட்டுவதை வாட்ஸ்அப்பிலோ பிரிண்டாகவோ கேட்டு வாங்குங்கள்), விழுவதற்கு முன்னால் சிரித்தபடி எடுத்த போட்டோ இரண்டு, ஒவ்வொரு பல்லுக்கும் பில், பல்லின் நிறத்துக்குக் குறித்த எண். அளவு எடுத்த மாவு அச்சைத் தூக்கிப் போடாமல் கேட்டு வாங்கி வையுங்கள். பழைய போட்டோ எதற்கென்று நினைக்காதீர்கள். புதுப் பல்லின் வடிவத்தை லேபில் அதைப் பார்த்துத்தான் செதுக்கினார்கள்.

வேறு வண்டி மோதிய சாலை விபத்தாக இருந்தால் இன்னும் இரண்டு வேலை உண்டு. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, அதன் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்குங்கள். அதில் “உதட்டில் காயம்” என்று மட்டும் எழுதி விட்டுவிடுவார்கள். எந்தப் பல் விழுந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பல் உடைவதும் இடம் பெயர்வதும் சட்டப்படி கொடுங்காயம், அதனால் அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போடுவது பாதுகாப்பு. மனு போடும்போது இதுவரை ஆன செலவை மட்டும் காட்டாதீர்கள். இருபது வயதில் இம்ப்ளான்ட் (எலும்பில் ஸ்க்ரூ பதித்து அதன்மேல் வைக்கும் பல்) வைக்க வேண்டியிருக்கும், அதுவரை பல்லை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பல் மருத்துவரிடம் எழுத்தில் உத்தேசச் செலவு வாங்கிச் சேருங்கள்.

மருத்துவக் காப்பீடு இருந்தால் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். பொதுவாகப் பல் சிகிச்சைக்குக் கொடுக்க மாட்டார்கள். விபத்தால் வந்தது என்றால் சில பாலிசியில் உண்டு. அதிலும் ஆஸ்பத்திரியில் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம்.

3. எங்கே காட்டுவது

தெருமுனை கிளினிக்கில் முதலுதவி செய்துகொள்ளலாம். திட்டம் போடுவதற்கு மட்டும் குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படித்தவரை ஒரு முறையாவது பாருங்கள். போர்டிலேயே எழுதியிருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. ஆரணி, திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஏறினால் வாசலில் இறங்கலாம். புறநோயாளி சீட்டு காலையில்தான், சீக்கிரம் போய்விடுங்கள். குழந்தையின் ஆதார் நகலை எடுத்துப் போங்கள். முதல் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் ஏ.ஆர். காப்பிக்கும் இது போதும்.

சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) பல் பிரிவு உண்டு. அப்பாயின்ட்மென்ட் ஆன்லைனில் எடுங்கள். ஜெனரல், பிரைவேட் என்று இரண்டு வகை இருக்கும். ஜெனரலில் செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களோடு நாமும் வரிசையில் நிற்கிறோம் என்பதால் உள்ளூர்தானே என்று நேராகப் போய் நிற்காதீர்கள். ஊருக்குள் இருக்கும் வளாகமும் ராணிப்பேட்டை வளாகமும் வேறு வேறு. எங்கே வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாவது, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி. குழந்தைகள் பல், கிளிப், செயற்கைப் பல் என்று தனித்தனிப் பிரிவுகள் ஒரே இடத்தில் இருக்கின்றன. காட்பாடியில் காலை ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா நிலையத்துக்கு நடந்து, ஒரே ஒரு ஸ்டேஷன், கோட்டை. கல்லூரி அதற்கு எதிரில்தான். செலவு மிகக் குறைவு. ஆனால் ஒரு பல்லுக்கு நாலைந்து தடவை போக வேண்டிவரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலாண்டு, அரையாண்டு, மே மாத விடுமுறைக்கு ஏற்றபடி தேதி கேட்டால் கொடுக்கிறார்கள்.

4. இரண்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்

நாங்கள் பார்த்த இரண்டாவது மருத்துவர், “இப்பவே இம்ப்ளான்ட் வச்சுடலாம், ஆயுசுக்கும் பிரச்சினை இல்லை” என்றார். கேட்க இனிமையாக இருந்தது. கையெழுத்துப் போடும் அளவுக்குப் போய்விட்டோம்.

வளரும் தாடையில் சொந்தப் பற்கள் எலும்போடு சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இம்ப்ளான்ட் என்பது எலும்பில் இறுகிவிட்ட ஸ்க்ரூ, அது நகராது. சில வருடத்தில் பக்கத்துப் பற்கள் இறங்கிவிட, இது மட்டும் மேலே தங்கிக் குட்டையாகத் தெரியும். ஈறின் கோடும் ஏறிப்போகும். பிறகு அதை எடுப்பதும் பெரிய வேலை. பெண் பிள்ளைகளுக்குப் பதினேழு பதினெட்டுக்கு முன்னாலும், பையன்களுக்கு இருபது இருபத்தொன்றுக்கு முன்னாலும் முன்பல் இடத்தில் இம்ப்ளான்ட் வேண்டாம்.

இரண்டாவது, இரண்டு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் ராவி, மூன்றையும் சேர்த்து கேப் போடும் பிரிட்ஜ். பெரியவர்களுக்கு இது சாதாரணமாகச் செய்வது. குழந்தையின் பல்லில் உள்ளே இருக்கும் நரம்பு அறை பெரிதாக இருக்கும். ராவினால் நரம்பைத் தொட்டுவிடலாம். ஒரு பல் போனதற்கு நல்ல பல் இரண்டைப் பலி கொடுத்த கணக்குதான். ராவிய எனாமல் திரும்பி வளராது.

ஆனால் “இருபது வயசுல பார்த்துக்கலாம், அதுவரைக்கும் ஓட்டையா இருக்கட்டும்” என்று விடுவதும் சரியில்லை. பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து வரும், நடுக்கோடு ஒரு பக்கம் நகரும். நாங்கள் ஆறு வாரம் சும்மா விட்டதிலேயே இடைவெளி குறைந்ததை அளவு எடுத்தபோது காட்டினார்கள்.

5. முதல் கட்டம்: கழற்றி மாட்டும் பல்

ஏழு முதல் பத்துப் பதினொரு வயதுவரை பெரும்பாலும் இதுதான். அண்ணத்தின் நிறத்தில் ஒரு தகடு, அதில் ஒரு பல், பின்பற்களைப் பிடிக்கக் கம்பி. பக்கத்துப் பற்கள் பாதி முளைத்த நிலையில் இருக்கும் வயதில் ஒட்டும் பல்லுக்குப் பிடிமானம் போதாது.

ஈறு ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரம் விட்டு அளவு எடுப்பார்கள். லேபிலிருந்து வர மூன்று நாளிலிருந்து ஒரு வாரம். எங்களுக்கு முதல் பல்லுக்கு 1,800 ரூபாய் ஆனது, ஒன்றரை வருடம் கழித்துச் செய்த இரண்டாவதற்கு 2,200. முதல் சில மாதத்தில் எலும்பு சுருங்குவதால் தகடு தளரும். உள்பக்கம் பூசிச் சரிசெய்ய வேண்டிவரும். அதற்குத் தனிக் காசா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தாடை வளர வளர ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை புதிதாகச் செய்ய வேண்டும். ஒரே பல்லை நாலு வருடம் மாட்டினால் அதன் கம்பியே வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும்.

நிறம் பார்ப்பதற்குப் பகல் வெளிச்சத்தில் போங்கள். வாயை உலர்த்துவதற்கு முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள், உலர்ந்த பல் வெளுத்துத் தெரியும். குழந்தையின் முன்பல் பெரியவர்களுடையதைவிட வெளுப்பு, விளிம்பில் லேசான அலை இருக்கும். லேபில் வழக்கமாக வைக்கும் பல்லை வைத்துவிட்டால் பத்து வயது முகத்தில் ஐம்பது வயதுப் பல் போல நிற்கும். எங்கள் முதல் பல் அப்படித்தான் வந்தது. நாங்கள் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொண்டோம். நீங்களும் கூச்சப்படாதீர்கள், பிள்ளை ஒவ்வொரு நாளும் அதோடுதான் பள்ளிக்குப் போகிறது.

பராமரிப்பு எளிது. இரவு கழற்றி, பிரஷ்ஷும் சோப்பும் போட்டுக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் கூடாது, தகடு வளைந்துவிடும். மூடி போட்ட டப்பா ஒன்று பள்ளிப் பையில் எப்போதும் இருக்கட்டும். டிபன் மூடியில் கழற்றி வைத்து, மிச்சச் சாப்பாட்டோடு கொட்டிவிட்டு அழுதுகொண்டு வந்த நாள் எங்கள் வீட்டிலும் உண்டு.

கவனமாகக் கேளுங்கள்: விளையாடும்போதும் தூங்கும்போதும் பல் வாயில் இருக்கக் கூடாது. விழுங்கிவிட்டால் அந்தத் தகடு எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, கம்பி மட்டும்தான் தெரியும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் மீன் முள்ளுக்குச் செய்வதுபோல் வாழைப்பழம் கொடுத்து இறக்கப் பார்க்காதீர்கள். ஒன்றும் கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

பேச்சு முதல் வாரம் குழறும். ‘ச’வும் ‘த’வும் காற்றோடு வரும். தினமும் தமிழ்ப் புத்தகத்தில் இரண்டு பக்கம் சத்தமாகப் படிக்க வைத்தோம், பத்து நாளில் சரியாகிவிட்டது.

6. பக்கத்துப் பற்களைக் கண்காணியுங்கள்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விழுந்த பல்லையே நினைத்துக்கொண்டிருந்தோம், அதே அடியைப் பக்கத்துப் பல்லும் வாங்கியிருக்கிறது என்பது தோன்றவே இல்லை. நாலாவது மாதம், விழுந்த பல்லுக்கு அடுத்திருந்த ஓரத்துப் பல் சாம்பல் நிறமாக மாறியது. வலியே இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே நரம்பு செத்து, வேர் நுனியில் கறுப்பு. வேர் சிகிச்சைக்கு 3,500 ரூபாய்.

முதல் மாதம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், ஒரு வருடம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன எக்ஸ்ரே ஒன்றுக்கு எங்களிடம் 200, 300 வாங்கினார்கள். நிறம் மாறுவது, ஈறில் சின்னப் பரு வருவது, தட்டினால் வலிப்பது, இதில் எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

7. பன்னிரண்டு வயதுக்குள் கிளிப் மருத்துவரைப் பாருங்கள்

பற்கள் நெருக்கமாகவோ தூக்கலாகவோ இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு இரண்டு வழி இருக்கலாம். ஒன்று, ஓரத்துப் பல்லை நகர்த்தி விழுந்த இடத்துக்குக் கொண்டுவந்து, முன்பல் வடிவத்துக்குப் பூசிவிடுவது. இன்னொன்று, கிளிப்புக்காக எப்படியும் எடுக்கப்போகிற சின்னக் கடைவாய்ப் பல்லை எடுத்து முன்பல் குழியில் நடுவது. சொந்தப் பல் என்பதால் தாடையோடு சேர்ந்து வளரும். அந்தப் பல்லின் வேர் பாதிக்கு மேல் வளர்ந்தும் முழுசாக முடியாமலும் இருக்கும் காலத்தில்தான் இது நன்றாகப் பிடிக்கும், ஏறக்குறைய ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். எல்லா இடத்திலும் செய்வதில்லை, பெரிய மருத்துவமனைகளில் கேட்க வேண்டும். எங்களுக்கு இது தெரிந்தபோது காலம் தாண்டிவிட்டது. உங்கள் பிள்ளைக்கு வயது இருந்தால் இந்த மாதமே கேளுங்கள். முழு வாய் எக்ஸ்ரே ஒன்று எடுப்பார்கள், 500 ரூபாய் அளவில் ஆகும்.

கிளிப் போட்டிருக்கும் காலத்தில் கம்பியிலேயே ஒரு பல்லைத் தொங்கவிடலாம், தனியாகத் தகடு வேண்டாம்.

8. இரண்டாம் கட்டம்: ஒட்டும் பல்

பக்கத்துப் பல் முழுசாக முளைத்த பிறகு, பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு மேல், கழற்றி மாட்டும் தொல்லை போய்விடும். செயற்கைப் பல்லின் பின்பக்கம் ஓர் இறக்கை இருக்கும். அதைப் பக்கத்துப் பல்லின் உள்பக்கத்தில் பசை போட்டு ஒட்டுவார்கள். நல்ல பல்லை ராவுவதே இல்லை, அல்லது மிக லேசாகத்தான். மேரிலேண்ட் பிரிட்ஜ் என்று கேளுங்கள். ஃபைபர் நூல் வைத்துப் பூசிச் செய்வது இன்னொரு வகை. அது மலிவு, ஒரே நாளில் முடியும், ஆனால் சீக்கிரம் உடையும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு பக்கமும் இறக்கை வைத்தால் உறுதி என்று நமக்குத் தோன்றும். உண்மையில் இரண்டு பற்களும் தனித்தனியாக அசைவதால் ஒரு பக்கம் மட்டும் விட்டுவிடும். பல் விழாமல் நின்றுகொண்டே இருக்கும், விட்ட இடத்துக்குள் சாப்பாடு புகுந்து நல்ல பல் சொத்தையாகும். ஒரே இறக்கை என்றால் விட்டதும் பல் கையோடு வந்துவிடும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் மகனுக்கு வேர் சிகிச்சை செய்த ஓரத்துப் பல்லை விட்டுவிட்டு, உயிரோடிருக்கும் இன்னொரு முன்பல்லில் ஒற்றை இறக்கை ஒட்டினார்கள். 9,000 ரூபாய் ஆனது. இரண்டு தடவை போனோம், நடுவில் ஒரு வாரம். விசாரித்த மற்ற இடங்களில் 6,000 முதல் 12,000 வரை சொன்னார்கள்.

ஒட்டும் நாளில் எச்சில் படாமல் ரப்பர் ஷீட் கட்டி ஒட்டுகிறார்களா என்று கேளுங்கள். ஈரம் பட்டால் பசை நிற்காது. மேல்பல் கீழ்ப்பல்லை ஆழமாக மூடிக் கடிக்கும் பிள்ளைகளுக்கு இறக்கைக்கு இடம் இருக்காது, அதையும் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் பல்லைப் பத்திரமாக எடுத்துப் போங்கள், வீட்டில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடாதீர்கள். இரண்டு வருடத்தில் எங்களுக்கு ஒரு முறை விட்டது. 500 ரூபாயில் திரும்ப ஒட்டினார்கள்.

9. பள்ளி, சாப்பாடு, விளையாட்டு

வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். “பொக்கைவாய்” என்று கூப்பிட்டதைப் பிள்ளை வீட்டில் சொல்லாமல் மறைத்துவைக்கும். எங்கள் மகன் மூன்று மாதம் வாயைக் கையால் மூடியே சிரித்தான்.

கரும்பு, முறுக்கு, கொய்யா, சோளக்கதிர் எதையும் முன்பல்லால் கடிக்க வேண்டாம். துண்டு போட்டுப் பின்பல்லால் மெல்லலாம். கபடி, கிரிக்கெட், ஸ்கேட்டிங் என்றால் வாய்க்கவசம் செய்து கொடுங்கள். தூக்கலான முன்பல் உள்ள பிள்ளைகளுக்குத் திரும்பவும் அடிபட வாய்ப்பு அதிகம். ஸ்கூட்டரில் எந்தக் குழந்தையையும் முன்னால் நிற்க வைக்காதீர்கள்.

10. வளர்ச்சி நின்ற பிறகு

வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரேயை ஆறு மாதமோ ஒரு வருடமோ இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்து, மாற்றம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் இம்ப்ளான்ட். எலும்பு மெலிந்திருந்தால் முதலில் எலும்புத்தூள் வைத்து நிரப்ப வேண்டிவரும். எல்லாம் சேர்த்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பிடிக்கும். கல்லூரி, வேலை, கல்யாணம் என்று தேதி பார்க்கிறவர்கள் அதற்கேற்ப முன்னாலேயே தொடங்குங்கள். இன்றைய விலையில் எங்களிடம் 30,000 முதல் 45,000 வரை சொல்லியிருக்கிறார்கள், எலும்பு வேலை தனி. மாதம் 500 ரூபாய் தபால் நிலையத்தில் ஆர்.டி. போட்டு வருகிறோம்.

ஒட்டிய பல் நன்றாக நிற்கிறது என்றால் இம்ப்ளான்ட் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒற்றை இறக்கைப் பல் பத்து வருடத்துக்கு மேலும் நிற்பது உண்டு. அந்த வயதில் முடிவு பிள்ளையுடையது. பதினெட்டு முடிந்ததும் ஃபைலை அவன் கையில் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒரு தடவை அவனோடு உட்கார்ந்து புரட்டுவதாக இருக்கிறேன்.